மாதம் 1,200 வெள்ளி லெவி: கட்டுவது யார், சுமப்பது யார்?

ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி எங்கள் ஆபீசில் முதலாளியிடம் சம்பள உயர்வு, லீவு என்று யாரும் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத்தான் ஜைரோ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து லெவி போகும். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய கட்டுமானத் துணை ஒப்பந்த நிறுவனத்தில் பதினான்கு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். செய்தியில் ‘வெளிநாட்டு ஊழியர் தீர்வை’ என்பார்கள், எங்கள் வாயில் அது லெவி, ஊழியர்கள் வாயிலும் லெவிதான். ஓர் ஆளை வேலைக்கு வைத்திருப்பதற்காகவே மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் பணம். சம்பளம் வேறு, தங்குவிடுதி வாடகை வேறு, காப்புறுதி வேறு, இது அதற்கெல்லாம் மேலே.

அதனால்தான் 2021 செப்டம்பர் 14ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு புது லெவியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு யூடியூப் நேரலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதி இல்லா உறுப்பினர் லியோங் மன் வாய், வெளிநாட்டுத் திறனாளர் கொள்கை பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது நிதியமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் அதே நாளில் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் விவாதம், முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அதில் லியோங் வைத்த யோசனைகளில் ஒன்றுதான் இந்த ஆய்வுக்குப் பொருள்: உயர் சம்பளம் வாங்கும் வெளிநாட்டுத் திறனாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது ஈபி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி கட்ட வேண்டும்.

உடலுழைப்பு ஊழியரின் ஒர்க் பர்மிட்டுக்கு லெவி உண்டு, இடைநிலைத் திறனாளரின் எஸ் பாஸுக்கு உண்டு, வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் உண்டு. ஈபிக்கு மட்டும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

எங்கள் வீட்டிலேயே இந்த விவாதத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தது. என் மகன் பாலிடெக்னிக் டிப்ளமாவும் முடித்து, தேசிய சேவையும் முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. என் சித்தி மகளின் கணவர் கோயம்புத்தூர்க்காரர், சாங்கி பிசினஸ் பார்க்கில் ஐடி வேலை, ஈபி. அவரை வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாரக் கடைசியில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மகன் நேராகவே கேட்டான்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. என்னை வேலைக்கு எடுத்தா கம்பெனி என் சம்பளத்துக்கு மேல 17 விழுக்காடு சிபிஎஃப் சேமநிதி கட்டணும். ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு வேற நான் வருஷா வருஷம் போவேன். உங்களுக்கு அந்தச் செலவு எதுவும் கிடையாது. இது நியாயமா?”

மாப்பிள்ளை கோபப்படவில்லை. “நியாயமில்லைதான்டா. ஆனா அந்த 1,200 வெள்ளியை கம்பெனி தன் பாக்கெட்லேருந்து கொடுக்கும்னு நினைக்கிறியா? என்னோட அடுத்த ரெண்டு இன்கிரிமென்ட் போயிடும். கணக்கு அதோட முடிஞ்சிடும்.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. அந்த நீண்ட இரவு விவாதத்தில் முதலாவதைப் பற்றி நிறையக் கேட்டேன். இரண்டாவது, அதாவது லெவி கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது என்பது, நான் கேட்டவரை என் காதில் விழவில்லை. இத்தனைக்கும் அதற்கு நாற்பது வருட அனுபவம் இந்த ஊரிலேயே இருக்கிறது, எங்களைப் போன்ற சிறு கம்பெனிகளின் சம்பளக் கணக்கில்.

முதலில் அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லெவி யோசனை தனியாக வரவில்லை. 2021 ஜூலை 6ஆம் தேதி மனிதவள அமைச்சர் டான் சீ லெங்கும் சுகாதார அமைச்சர் ஓங் யி காங்கும், சீக்கா எனப்படும் இந்தியா-சிங்கப்பூர் பொருளியல் உடன்பாட்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வாசித்தார்கள். ஈபி வைத்திருப்பவர்களில் இந்திய நாட்டவரின் பங்கு 2005ல் 14 விழுக்காடாக இருந்து 2020ல் 25 விழுக்காடாக உயர்ந்தது என்ற கணக்கு அப்போதுதான் வெளியே வந்தது. அதற்கு உடன்பாடு காரணமில்லை, உலகம் முழுக்க தொழில்நுட்பத் திறனாளர்களுக்கான தேவை கூடியதும் இந்தியாவிலிருந்து அந்தத் துறைக்கு ஆட்கள் வந்ததும்தான் காரணம் என்று டான் சீ லெங் விளக்கினார். செப்டம்பரில் லாரன்ஸ் வோங்கின் தீர்மானம், தடையற்ற வர்த்தக உடன்பாடுகள் பற்றிப் பொய்த் தகவல் பரப்புவதையும் இனவாதத்தையும் வெளிநாட்டவர் மீதான வெறுப்பையும் தூண்டுவதையும் கண்டித்தது.

நான் பிறந்தது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், படித்தது ஈசூனில். இருந்தும் அந்த வருடம் எம்ஆர்டியில் பக்கத்தில் நின்றவர் ஒருவர் “நீங்க சீக்காவா?” என்று கேட்டார். உள்ளூர்த் தமிழர் பலருக்கு அந்த மாதங்களில் இப்படி ஒரு கதை இருந்தது. அதனால் எங்களில் பலர் அந்த 1,200 வெள்ளியையும் நம்மேல் எறிந்த கல்லாகவே பார்த்தோம், கணக்காகப் பார்க்கவில்லை. என் மகன் அதைக் கணக்காகப் பார்த்தான், அவன் பார்த்ததுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கே வருவோம். முதலாளி சிபிஎஃப் பங்கு 55 வயது வரை 17 விழுக்காடு. 2021ல் மாதச் சம்பளத்தில் 6,000 வெள்ளி வரைக்கும்தான் அது கணக்கிடப்படும். அப்படியென்றால் ஓர் உள்ளூர் ஊழியருக்கு மாதச் சம்பளத்தின்மேல் முதலாளி கட்டும் அதிகபட்சம் 1,020 வெள்ளி. அன்றைக்கு ஈபி கிடைக்கக் குறைந்தபட்சச் சம்பளம் 4,500 வெள்ளி, அதே சம்பளத்தில் உள்ளூர் ஆள் ஒருவருக்கு முதலாளி சிபிஎஃப் 765 வெள்ளி. ஆக, இரு தரப்பையும் சமமாக்குவதுதான் நோக்கம் என்றால் 1,200 வெள்ளி எந்தச் சம்பளத்திலும் பொருந்தவில்லை. 4,500 வாங்குகிறவருக்கு அது சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல், 20,000 வாங்குகிறவருக்கு வெறும் 6 விழுக்காடு. எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைத்தால் மேலே இருப்பவருக்கு அது தூசு, கீழே இருப்பவருக்குப் பாறாங்கல். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒர்க் பர்மிட் லெவியில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

இந்த வரி நமக்குப் புதிதல்ல

ஆள் வைத்தால் வரி என்ற எண்ணம் சிங்கப்பூருக்கு வந்து அறுபது வருடம் ஆகிவிட்டது, அது வந்தபோதும் பெரிய அரசியல் சண்டைதான். 1964 நவம்பரில், நாம் மலேசியாவின் பகுதியாக இருந்தபோது, மத்திய நிதியமைச்சர் டான் சியூ சின் தன் வரவுசெலவுத் திட்டத்தில் சம்பளப் பட்டியல்மீது 2 விழுக்காடு வரி போட்டார். கூடவே விற்றுமுதல்மீதும் ஒரு வரி. சிங்கப்பூர் அரசாங்கம் எதிர்த்தது. தொழிற்சாலையும் துறைமுகமும் கடைகளுமாக நெருக்கமாக ஆள் வைத்து நடக்கும் ஊர் இது, சம்பளத்தின்மீது வரி என்றால் நம் தலையில்தான் அதிகம் விழும் என்பது வாதம். பிரிந்த பிறகு அந்த வரி போயிருக்கும் என்றுதானே தோன்றும்? போகவில்லை. தனி நாடான பின்னும் இருபது வருடம் போல ஓடி, 1985 பொருளியல் மந்தத்தில்தான் நிறுத்தப்பட்டது. எதிர்க்கும்போது ஒரு நாக்கு, வசூலிக்கும்போது ஒரு நாக்கு என்பது எந்த அரசாங்கத்துக்கும் உள்ள வழக்கம்தான் போலும்.

1979ல் திறன் மேம்பாட்டுத் தீர்வை வந்தது, இன்றும் இருக்கிறது, சம்பளத்தில் 0.25 விழுக்காடு, ஓர் ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 11 வெள்ளி 25 காசு. அது யாரையும் உறுத்துவதில்லை.

உறுத்துவது வெளிநாட்டு ஊழியர் லெவி. 1980களின் தொடக்கத்தில் கட்டுமானத் துறையில் ஆரம்பித்து மற்றத் துறைகளுக்கும் பரவியது. வெளிநாட்டு ஆள் மலிவாகக் கிடைத்தால் உள்ளூர் ஆளின் சம்பளம் ஏறாது, முதலாளி இயந்திரம் வாங்க மாட்டார், அதனால் விலையை ஏற்றித் தேவையைக் கட்டுப்படுத்துகிறோம், வருவாய்க்காக அல்ல என்பது அரசாங்கத்தின் விளக்கம். இது வெற்று வாதமில்லை. லெவி இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் துறையில் உள்ளூர் சூப்பர்வைசர்கூட இருந்திருக்க மாட்டார் என்று நானே நம்புகிறேன். 2010 பிப்ரவரியில் அப்போது நிதியமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம் உற்பத்தித்திறனை ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு வளர்க்கும் இலக்கோடு லெவியைப் படிப்படியாக உயர்த்த ஆரம்பித்தார், அடுத்தடுத்த வருடங்களிலும் ஏறியது. 2013 பிப்ரவரி மக்கள்தொகை வெள்ளை அறிக்கை விவாதத்தில் வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையே வாக்கெடுப்பு வரை போனது, 77க்கு 13. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சொன்னது, சிறு நிறுவனங்களோ ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது என்றன.

இந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பாத்திரங்கள்தான்: முதலாளி, உள்ளூர் ஊழியர். யார் பெயரில் லெவி கட்டப்படுகிறதோ அவர் வரவே மாட்டார். அவருக்கு இங்கே ஓட்டு இல்லை என்பது ஒரு காரணம். லெவியைக் கட்டுவது முதலாளி, ஊழியரிடமிருந்து அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், ஆகவே அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் நம்புவது இன்னொரு காரணம். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று எங்கள் கம்பெனியில் நடந்த ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன்.

900லிருந்து 500

2022 பிப்ரவரி 18ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் லாரன்ஸ் வோங் கட்டுமானத் துறைக்குப் பெரிய மாற்றம் அறிவித்தார். அதுவரை மேன்-இயர் ஒதுக்கீடு என்று ஒன்று இருந்தது, வெளிநாட்டு ஆள் எடுக்கும் அனுமதி பெரிய ஒப்பந்தக்காரருக்குத் திட்டத்தின் அளவுக்கேற்ப ஒதுக்கப்பட்டு, அவரிடமிருந்து எங்களைப் போன்ற துணை ஒப்பந்தக்காரருக்கு வரும். அதன் கீழ் வரும் ஆளுக்கு லெவி குறைவு: உயர்திறன் என்றால் 300, அடிப்படைத் திறன் என்றால் 700. ஒதுக்கீட்டுக்கு வெளியே எடுத்தால் 600, 950. இதை 2024 ஜனவரி 1 முதல் ஒழித்துவிட்டு, உயர்திறனுக்கு 500, அடிப்படைத் திறனுக்கு 900 என்று ஆக்கினார்கள். ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டவர் என்ற விகிதத்தையும் ஐந்தாகக் குறைத்தார்கள்.

அப்போது எங்களிடம் 18 பேர். ஒதுக்கீட்டின் கீழ் உயர்திறன் பத்துப் பேர், அடிப்படைத் திறன் நாலு பேர், வெளியே எடுத்த உயர்திறன் நாலு பேர். 2023 டிசம்பர் வரை மாத லெவி 8,200 வெள்ளி. 2024 ஜனவரிக்கு நான் போட்ட கணக்கு 10,600. மாதத்துக்கு 2,400 கூடுதல். ஏற்கெனவே விலை பேசிக் கையெழுத்துப் போட்ட மூன்று வேலைகள் கையில் இருந்தன, அவற்றுக்கு இந்த உயர்வை யாரிடமும் கேட்க முடியாது. அந்த வருடம் அது முழுக்க முதலாளி தலையில்தான் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர் வீட்டுக்கடனைத் தள்ளிப்போட்டது எனக்குத் தெரியும்.

அவர் கண் அந்த நாலு அடிப்படைத் திறன் ஆட்கள்மேல் விழுந்தது. ஆளுக்கு 900. இரண்டு பேரைத் திறன் தேர்வுக்கு அனுப்பினார், ஊழியர்கள் மொழியில் ‘ஸ்கில் அடிக்க’. ஒருவரை ஊருக்கு அனுப்பினார். நாலாவது ஆள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, அப்போது பதினோரு வருட அனுபவம், டைல்ஸ் வேலையில் கை அப்படி ஓடும், ஆனால் எழுதிப் பாஸாகும் தேர்வு என்றால் நடுங்குவார். அவருக்கு இன்னொரு வழி இருந்தது. இங்கே ஆறு வருடம் வேலை செய்திருந்து, நிலையான மாதச் சம்பளம் 1,600 வெள்ளி இருந்தால் உயர்திறன் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்போது அவர் அடிப்படைச் சம்பளம் 1,050.

நிலையான மாதச் சம்பளம் என்பதில் மாதாமாதம் மாறாத அலவன்ஸும் சேரும். முதலாளியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அடிப்படை 1,050ஐ அப்படியே வைத்து, 550ஐ நிலையான அலவன்ஸ் ஆக்கினால் ஓவர்டைம் கணக்கு ஏறாது. சம்பளச் செலவு 550 கூடும், லெவி 400 குறையும். முதலாளிக்கு நிகரச் செலவு 150.

“அந்த 150ஐ அவனையே கையில கொடுக்கச் சொல்லு,” என்றார் முதலாளி.

எங்கள் துறையில் இப்படிக் காசைத் திருப்பி வாங்குவது நடக்காத விஷயமில்லை, அதனால் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். வேலைக்காக ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அவர் முகம் இறுகிப்போனது. நான் எதிர்பார்க்காதது அந்தத் தம்பி சொன்னதுதான். மறுநாள் மதியம் ஆபீசுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: “அக்கா, நானே 150 கொடுத்துடறேன். நீங்க பாஸ்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. 150 போனாலும் எனக்கு 400 மிச்சம்க்கா. தங்கச்சி நகைக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்.”

எனக்குத் தூக்கம் போனது. அவருக்கு நல்லது நடக்கும் ஒரு விஷயத்தை நான் சட்டம் சொல்லிக் கெடுக்கிறேனோ என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் கையில் காசு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம் என்று நின்றேன், ஒரு முறை வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் அது 300 ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலாளி வேறு வழி எடுத்தார். தம்பி அதுவரை மாதம் சராசரி 60 மணி நேரம் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தார். 1,050 அடிப்படைக்கு ஓவர்டைம் மணிக்கு 8 வெள்ளி 26 காசு வரும். அதை 42 மணி நேரமாகக் குறைத்தார். பதினெட்டு மணி நேரம், கிட்டத்தட்ட 150 வெள்ளி. சட்டத்தில் தப்பில்லை.

முன்பு 1,050 அடிப்படை, ஓவர்டைம் 496, மொத்தம் 1,546 வெள்ளி. பிறகு 1,600 நிலையான சம்பளம், ஓவர்டைம் 347, மொத்தம் 1,947. ஏறக்குறைய 400 வெள்ளி அதிகம்.

லெவி குறைந்தது 400. அவர் கைக்குப் போனதும் 400. முதலாளிக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரசாங்கம் 400 வெள்ளி குறைவாக எடுத்த அன்றே அந்த ஆளுக்கு 400 வெள்ளி சம்பளம் கொடுக்க முடிந்ததென்றால், அதுவரை அது யார் காசு? ரசீதில் கட்டியவர் என்று கம்பெனி பெயர்தான் இருந்தது. ஆனால் முதலாளி மனசில் ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை இருக்கிறது, அதில் லெவி முதலில் வெட்டிக்கொள்கிறது, மிச்சம்தான் சம்பளம்.

ஓர் ஆளை வைத்துப் பொதுவாகச் சொல்லக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எல்லா முதலாளியும் இப்படிக் கொடுத்திருக்க மாட்டார். 1,600 என்ற வாசல் இருந்ததால்தான் அந்தப் பணம் தம்பிக்குப் போனது, வாசல் இல்லாமல் லெவி மட்டும் குறைந்திருந்தால் முதலாளி மொத்தத்தையும் தன் பக்கமே வைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு எனக்கு ஆதாரமும் உண்டு. 2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கையின்போது அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் லெவியைத் தள்ளுபடி செய்து, ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் ஊழியர் ஒருவருக்கு 750 வெள்ளி கழிவும் கொடுத்தார், பிறகு அது நீட்டிக்கப்பட்டது. ஊழியர்களுக்குச் சம்பளமும் பராமரிப்பும் கொடுக்க அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் அரசாங்கம் சொன்னது. எங்கள் முதலாளி அடிப்படைச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தார். தங்குவிடுதியில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பல கம்பெனிக்காரர்கள் ‘நோ வொர்க், நோ பே’ என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்தியதை எங்கள் ஊழியர்களே எனக்கு வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். லெவியை ஏற்றும்போது அது ஊழியர்மேல் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இறக்கும்போது அந்தப் பணம் தானாக அவரைத் தேடி வராது, யாராவது விதி போட்டால்தான் வரும்.

மறுபடியும் அந்த 1,200

இப்போது மாப்பிள்ளை சொன்னதை நினைத்துப் பாருங்கள். அடுத்த இரண்டு இன்கிரிமென்ட் போய்விடும் என்றார். அவர் சம்பளம் அப்போது 5,500. அவர் நிலைமை டைல்ஸ் தம்பியை விட எவ்வளவோ மேல், ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று: இருவர் பாஸிலும் முதலாளி பெயர் இருக்கிறது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். விட்டுப் போக முடியாத ஆள்மேல்தான் எந்த வரியும் வந்து உட்காரும். இருபதாயிரம் வாங்கும் வங்கி அதிகாரி ஹாங்காங்கா துபாயா என்று பேரம் பேசுவார், அவருக்கான லெவியைக் கம்பெனி கட்டிவிடும். 4,500, 5,000 வாங்கும் இளைஞர் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அவர் அப்படி மலிவாகக் கையெழுத்துப் போட்டால் என் மகனுக்கு என்ன லாபம்? லெவியோடு சேர்த்தும் அவர் செலவு பழைய இடத்திலேயே நிற்கும். போட்டி சமமாகாது, நடுவில் அரசாங்கத்துக்கு 1,200 வெள்ளி போகும், அவ்வளவே.

அரசாங்கம் அந்த யோசனையை ஏற்கவில்லை, லியோங்கின் தீர்மானம் தோற்றது. அவர்கள் எடுத்த வழி ஈபிக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றுவது: 2022 செப்டம்பரில் 5,000, 2025 ஜனவரியில் 5,600, நிதித்துறைக்கு அதைவிட அதிகம். 2023 செப்டம்பரில் காம்பஸ் என்ற புள்ளி முறையும் வந்தது. தீவிர எதிர்ப்பாளர்கள் இதைப் பூசி மெழுகல் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சம்பள வாசலை ஏற்றினால் ஏறிய பணம் ஊழியர் கைக்குத்தான் போகிறது, மலிவான ஆள் என்ற கவர்ச்சியும் குறைகிறது. டைல்ஸ் தம்பிக்கு 1,600 வாசல் செய்த அதே வேலை. ஆனால் அதே அரசாங்கம் எஸ் பாஸில் சம்பள வாசலோடு லெவியையும் சேர்த்து ஏற்றியது, 330 வெள்ளியிலிருந்த முதல் நிலை லெவி 2025 செப்டம்பரில் 650ஐத் தொட்டுவிட்டது. மேலே இருப்பவருக்குச் சம்பள வாசல் மட்டும், கீழே போகப்போக லெவியும். இந்த வேறுபாட்டுக்கு மனம் ஒப்பும்படியான விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

முன்னேற்றக் கட்சி 1,200 வெள்ளி யோசனையைக் கைவிடவில்லை. 2025 மே 3 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை, இப்போதைக்கு அதை அவையில் பேச அவர்களில் ஆள் இல்லை. ஆனால் வேலைச் சந்தை இறுகும்போதெல்லாம் இந்த யோசனை ஏதாவது ஒரு கட்சியின் வாயில் திரும்ப வரும், வரவும் வேண்டும், ஏனென்றால் என் மகன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. அப்படி வரும்போது ஒரே தொகையாக வேண்டாம், சிபிஎஃப் போலச் சம்பளத்தில் விழுக்காடாக, அதே உச்சவரம்போடு இருக்கட்டும். ஏற்கெனவே பர்மிட்டில் இருப்பவரின் சம்பளத்தை லெவியைக் காரணம் காட்டிக் குறைக்க முடியாதபடி விதி இருக்கட்டும். அதற்கு முன்னால், புதிதாக ஒரு லெவி கேட்கிற உறுப்பினரும் மறுக்கிற அமைச்சரும் பழைய லெவியின் கணக்கை ஒரு முறை அவையில் திறந்து வைக்கட்டும்: நாற்பது வருடத்தில் அது கட்டுமான ஊழியரின் சம்பளத்தை என்ன செய்தது என்று. வெளிநாட்டு ஊழியர்களுக்காகப் பேசும் ட்ரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ போன்ற அமைப்புகள் இதை வெளியே நின்று சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். இப்போது வேறு துணை ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “அக்கா, எனக்கு எவ்வளவு லெவி கட்டியிருப்பீங்க மொத்தமா?” கைப்பேசியிலேயே போட்டுக் காட்டினேன். கோவிட் வருடங்கள் குழப்பம் என்று விட்டுவிட்டு, 2018, 2019 இரண்டு வருடம் மட்டும் எடுத்தேன். மாதம் 700, இருபத்து நாலு மாதம், 16,800 வெள்ளி. அந்த இரண்டு வருடத்தில் அவர் வாங்கிய அடிப்படைச் சம்பளம் மொத்தமே அதைவிட ஐயாயிரம், ஆறாயிரம் வெள்ளிதான் கூட இருக்கும். அந்தப் பணம் எங்கே போகும் என்று கேட்டார். அரசாங்கக் கணக்கில் ‘மற்ற வரிகள்’ என்று ஒரு வரி இருக்கிறது, அதில் சேரும் என்றேன். கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் பர்மிட் பிப்ரவரியில் முடிகிறது. முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமானக் கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். உயர்திறன் ஆள் என்பதால் எடுக்கிறவருக்கு லெவி 500தான், 900 இல்லை. பேசும்போது அந்த வித்தியாசத்தைச் சொல்லியே சம்பளம் கேட்கச் சொன்னேன். 1,900 கேட்பதா 2,000 கேட்பதா என்று யோசிக்கிறார். 2,000 என்று ஆரம்பி தம்பி, என்று சொல்லிவிட்டு வந்தேன்.